கையால் மூடுவதா, காற்றால் மூடுவதா: ஹீட் பிரஸ் தேர்வில் நான் இழந்ததும் அறிந்ததும்

சிவப்பு ஜெர்சிகளின் முதுகில் வெள்ளை எண்களை அச்சிட்டு, மடித்து, பெட்டியில் அடுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்ற நிம்மதியில் அன்றிரவு தூங்கச் சென்றேன். மறுநாள் காலையில், அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தபோது, மேலே இருந்த 9 என்ற எண் வெள்ளையாக இல்லை. சாயம் போகும் துணியோடு சேர்த்து ஊறவைத்ததுபோல் ரோஜா நிறத்தில் இருந்தது. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். ஆனால் எல்லாமே அப்படி இல்லை என்பதுதான் என்னைக் குழப்பியது. 320 ஜெர்சிகளில் 47 மட்டும் நிறம் மாறியிருந்தன. மற்றவை பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தன. ஒரே துணி, ஒரே ஃபிலிம், ஒரே இயந்திரம், அழுத்தியதும் ஒரே கை. அந்தக் காலையில் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் சூட்டாலும் அழுத்தத்தாலும் துணியில் படத்தை ஒட்டும் ஹீட் பிரஸ் என்ற ஒரே பொருளைச் சுற்றி நான் எடுத்த முடிவுகளில் பாதிக்கு மேல் தவறானவை. மேனுவல் வாங்குவதா, ஆட்டோமேட்டிக் வாங்குவதா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் எவரும் அதே தவறுகளை அதே வரிசையில் செய்ய வேண்டியதில்லை என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் முதல் இயந்திரம் கிளாம்ஷெல் வகையைச் சேர்ந்த மேனுவல் ஹீட் பிரஸ். சிப்பி வாய் திறப்பதுபோல் மேல்தட்டு பின்பக்கக் கீலில் தூக்கிக்கொள்ளும்; தட்டின் அளவு 38 × 38 சென்டிமீட்டர். கைப்பிடியைக் கீழே இறக்கினால் டைமர் ஓடும். நேரம் முடிந்ததும் பீப் என்று கத்தும். நாம் போய்த் தூக்கிவிட வேண்டும். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலே ஒரு திருகு இருந்தது. வாரத்துக்கு நான்கைந்து சிறு வேலைகள், ஒவ்வொன்றிலும் 10 அல்லது 15 டீ-ஷர்ட்டுகள் என்று ஓடிய முதல் ஆண்டில் அந்த இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. சொல்லப்போனால், அது நல்ல இயந்திரமா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு நான் அதை வேலை வாங்கவே இல்லை.

ஜெர்சி வேலை வந்தபோதுதான் கணக்கு மாறியது. ஒவ்வொரு ஜெர்சிக்கும் மார்பில் ஒரு சின்னம், முதுகில் பெயரும் எண்ணும். அதாவது ஒரு ஜெர்சிக்கு இரண்டு அச்சு. படத்தை முதலில் ஃபிலிமில் அச்சிட்டுப் பிறகு துணிக்கு மாற்றும் டிடிஎஃப் முறை என்பதால், ஒருமுறை அழுத்தி, ஃபிலிமை உரித்து, மேலே டெஃப்லான் தாளை வைத்து மீண்டும் ஒருமுறை சில விநாடிகள் அழுத்த வேண்டும். ஆகவே 320 ஜெர்சிகளுக்கு 1,280 முறை அந்தக் கைப்பிடியை இறக்கி ஏற்ற வேண்டும். வேலையை ஒப்புக்கொண்டபோது இந்தப் பெருக்கலை நான் போட்டுப் பார்க்கவில்லை. முதல் நாள் மாலையிலேயே வலது தோள் கனத்தது. இரண்டாம் நாள் பிற்பகலில் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் கவனத்தில் இருந்தது. அழுத்திக்கொண்டிருக்கும் 12 விநாடியை வீணாக்கக் கூடாது என்று அந்த இடைவெளியில் அடுத்த ஜெர்சியை விரிப்பது, பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பது, தொலைபேசியை எடுப்பது என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். பீப் சத்தம் கேட்கும். கையில் உள்ளதை முடித்துவிட்டுப் போவோம் என்று தோன்றும். 12 விநாடி 20 ஆகும். சிலவேளை 30 ஆகும். எனக்கு உதவியாக இருந்த பெண் இரண்டொரு முறை, "அக்கா, மெஷின் கத்திக்கிட்டே இருக்கு" என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

நிறம் மாறியதற்குக் காரணம் அந்தக் கூடுதல் விநாடிகள்தான் என்பது பிறகு புரிந்தது. பாலியெஸ்டருக்குப் போடும் டிஸ்பெர்ஸ் வகைச் சாயம் சூட்டில் ஆவியாகக் கூடியது. சப்ளிமேஷன் அச்சே இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது. அங்கே சுமார் 200 டிகிரி செல்சியஸில் சாயத்தை வேண்டுமென்றே ஆவியாக்கி இழைக்குள் செலுத்துகிறோம். சாயமிட்ட ஜெர்சியில் அதே காரியம் நாம் கேட்காமல் நடக்கிறது: துணியில் உள்ள சிவப்பு, சூடும் நேரமும் கூடக்கூட, மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை மைக்குள் ஏறுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், அழுத்தி எடுத்த உடனே எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோதான் வெள்ளை மங்கும். சூடு ஆறாமலே அடுக்கி வைத்தால் இன்னும் மோசம். நான் அதையும் செய்திருந்தேன். 47 ஜெர்சிகளை என் செலவில் மறுபடி வாங்கி, மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். அந்த வேலையின் லாபம் முழுவதும் போய், அடுத்த இரண்டு மாத லாபமும் அதிலேயே கரைந்தது.

அத்தோடு நிற்கவில்லை. கொடுத்து மூன்று வாரம் கழித்து, சில ஜெர்சிகளில் எண்ணின் கீழ் ஓரம் துவைத்ததும் தூக்கிக்கொள்கிறது என்று 20 ஜெர்சிகளைத் திருப்பி அனுப்பினார்கள். வாடிக்கையாளர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை; அவர் மிகப் பொறுமையாக, "உங்களுக்கு இது முதல் பெரிய வேலையோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தின்றது. அன்றிரவே முடிவெடுத்துவிட்டேன்: குற்றவாளி கையால் இயக்கும் இயந்திரம், இனி ஆட்டோமேட்டிக்தான். நேரம் பிசகாது, அழுத்தம் மாறாது, தோள் வலிக்காது, வேகமும் இரட்டிப்பாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த நான்கில் எது என் நஷ்டத்துக்குக் காரணம் என்று பிரித்துப் பார்க்க அன்று எனக்குப் பொறுமை இல்லை. அவமானத்தில் இருக்கும்போது இயந்திரம் வாங்கக் கூடாது என்பதை இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.

வாங்கியது காற்றழுத்தத்தில் இயங்கும் ஆட்டோமேட்டிக் ஹீட் பிரஸ். தட்டு 40 × 50 சென்டிமீட்டர், காலால் மிதிக்கும் பெடல், டைமர் முடிந்ததும் தானே திறக்கும். விலை என் பழைய இயந்திரத்தின் விலையைப்போல் ஐந்து மடங்கு. ஆனால் அந்த விலையில், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் அடங்காது என்பது பொருள் வந்து இறங்கிய நாளில்தான் உறைத்தது. கம்ப்ரஸர் வாங்கினேன். அதற்கான குழாய், காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் வடிகட்டி, அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் எல்லாம் தனித்தனியே வாங்கினேன். எல்லாவற்றையும் மாட்டி முதல்முறை இயக்கியபோது, மேல்தட்டு சூடேறிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஸர் மோட்டார் கிளம்ப, மின்சாரம் துண்டித்துக்கொண்டது. மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஏற்கெனவே வெப்பச்சுருள் 2 கிலோவாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்த அதே இணைப்பில் அதையும் சேர்த்தால் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? தனி இணைப்பு இழுத்து முடிக்க மூன்று வாரமானது. அந்த மூன்று வாரமும் புது இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டு, பழையதில்தான் வேலை செய்தேன். ஒவ்வொரு முறை கைப்பிடியை இறக்கும்போதும் அது என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருக்கும்.

காற்றழுத்த இயந்திரத்தை வாங்க நினைப்பவர் அதன் விலையோடு கம்ப்ரஸர், இணைப்புப் பொருள்கள், தனி மின்னிணைப்பு, இடம், சத்தம் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் என்பது சிறிய விஷயம் இல்லை. சாதாரண கம்ப்ரஸர் ஓடும்போது பக்கத்தில் நின்று பேச முடியாது, இரவில் வேலை செய்ய அக்கம்பக்கத்தார் விடமாட்டார்கள். தொட்டியின் அடியில் தேங்கும் நீரை நாள்தோறும் வடித்துவிட வேண்டும் என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. காற்றில்லாமல், மின்மோட்டாரால் மூடித் திறக்கும் ஆட்டோமேட்டிக் வகையும் உண்டு. அதில் சத்தம் குறைவு, இடமும் குறைவு. அதைப் பற்றி நான் விசாரிக்கவே இல்லை. ஆட்டோமேட்டிக் என்றாலே கம்ப்ரஸர்தான் என்று நினைத்திருந்தேன்.

இயந்திரத்தின் மேல் நியாயமாகவும் பேச வேண்டும். ஓடத் தொடங்கியபின் அது ஒரு விஷயத்தில் என்னை வியக்கவைத்தது. மேனுவல் இயந்திரத்தில் திருகைக்கொண்டு நாம் அமைப்பது உண்மையில் அழுத்தத்தை அல்ல, இரு தட்டுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை. மெல்லிய டீ-ஷர்ட்டுக்கு அமைத்த இடைவெளியில் தடித்த ஹூடியை வைத்தால் கைப்பிடி இறங்கவே இறங்காது. ஹூடிக்கு அமைத்ததில் டீ-ஷர்ட்டை வைத்தால் தட்டு தொட்டும் தொடாமலும் நிற்கும். காற்றழுத்த இயந்திரத்திலோ சிலிண்டர் தள்ளும் விசை ஒன்றுதான். துணி தடிமனாக இருந்தால் சற்று மேலேயே நிற்கும், மெல்லியதாக இருந்தால் இன்னும் கீழே இறங்கும், ஆனால் அமுக்குவது அதே விசையில். காலையில் புத்துணர்ச்சியோடு அழுத்தியதும் மாலையில் களைத்து அழுத்தியதும் ஒன்றுபோல் இருந்தன. 200 டீ-ஷர்ட்டுகளை ஒரே மூச்சில் முடித்தபோது, இதற்கு முன் பட்டதெல்லாம் மறந்துபோனது.

மறந்தது ஒரு வாரம்தான். அடுத்து வந்தது சட்டைப் பையின் மேல் உள்ளங்கை அளவுச் சின்னம் அச்சிடும் வேலை. பையின் தையல் இடிக்காமல் இருக்க, சட்டைக்குள் 10 × 10 சென்டிமீட்டர் அளவுள்ள சிறிய பலகையை நுழைத்து, அதன் மேல் துணியை விரித்து அழுத்தினேன். ரெகுலேட்டரில் காற்றழுத்தம் வழக்கமான 6 பார். எடுத்துப் பார்த்தால் பலகையின் விளிம்பு துணியில் சதுரமாகப் பதிந்து பளபளத்தது. எத்தனை நீராவி கொடுத்தும் போகவில்லை. ஏன் என்று பின்னர் கணக்குப் போட்டேன். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் 6 பார் காற்றில் ஏறக்குறைய 480 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். அந்த விசை 40 × 50 தட்டு முழுவதும், அதாவது 2,000 சதுர சென்டிமீட்டரில் பரவினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோகூட வராது. அதே விசை 100 சதுர சென்டிமீட்டர் பலகையின் மேல் இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4.8 கிலோ, இருபது மடங்கு. மீட்டர் காட்டுவது குழாயில் உள்ள காற்றின் அழுத்தத்தை, துணி உணரும் அழுத்தத்தை அல்ல. மேனுவல் இயந்திரத்தில் கைப்பிடி இறுகும்போதே கை எச்சரித்துவிடும். இதில் எச்சரிக்க ஒன்றுமில்லை. 14 சட்டைகள் வீண். சின்ன பரப்புக்கு மாறும்போதெல்லாம் ரெகுலேட்டரைக் குறைத்து, கிழிந்த துணி ஒன்றில் முதலில் அழுத்திப் பார்ப்பதை அன்று தொடங்கினேன்.

பெடலைப் பற்றி எழுதும்போது இன்னும் வயிற்றில் ஏதோ செய்கிறது. ஒரு மாலை, கழுத்துப் பட்டையின் மடிப்பை இடது கையால் நீவிக்கொண்டே, என்னையறியாமல் பெடலை மிதித்துவிட்டேன். தட்டு இறங்கியது. விரல்களை உருவிவிட்டேன், ஆனாலும் இரண்டு விரல்களின் மேல்தோல் தட்டில் உரசி வெந்தது. ஒரு கணம் தாமதித்திருந்தால் 160 டிகிரி சூட்டில், அந்த விசையில், என் கை அதற்குள் இருந்திருக்கும். பத்து நாள் வேலை இல்லை. அதைவிட, ஒரு மாதத்துக்கு அந்த இயந்திரத்தின் அருகே போகவே பயம். தானாக மூடும் இயந்திரத்தை வாங்குவதென்றால் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே மூடக்கூடிய அமைப்பைக் கேட்டு வாங்குங்கள். வேகம் குறையும் என்று விற்பவர் சொன்னாலும் கேட்காதீர்கள். அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, அதை அழுத்தினால் தட்டு மேலே எழுகிறதா அல்லது இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறதா, மின்சாரம் போனால் என்ன ஆகிறது என்பதை வாங்கும் இடத்திலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, துவைத்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும் புகார் புது இயந்திரத்திலும் ஒன்றிரண்டு வந்தபோது நான் உடைந்துபோனேன். பழைய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் எந்தத் திருகையும் கழற்றவில்லை. தட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் வெப்பம் காட்டும் ஒட்டுப்பட்டைகளை வைத்து மூடித் திறந்தார். திரையில் 150 டிகிரி. பழைய இயந்திரத்தின் நடுவில் 161, முன் வலது மூலையில் 139. புதியதில் வித்தியாசம் குறைவுதான். ஆனால் அங்கும் ஒரு மூலை 8 டிகிரி பின்தங்கியிருந்தது. அடுத்து இரண்டையும் ஆறவிட்டு, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு காகிதத் துண்டை வைத்து மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கச் சொன்னார். பழைய இயந்திரத்தில் கீலுக்கு அருகே இருந்த இரண்டும் அசையவில்லை. முன்பக்கத்துத் துண்டுகள் வெண்ணெயில் கத்திபோல் வழுக்கி வந்தன. அடித்தட்டின் மேலிருந்த சிலிக்கோன் மெத்தை, தொடர்ந்து ஒரே இடத்தில் அழுத்தியதால் பள்ளமாகியிருந்தது. "மெத்தையை மாத்தும்மா, மொதல்ல அளந்து பாரும்மா" என்றார், அவ்வளவுதான். மெத்தையின் விலை, நான் வீணாக்கிய ஜெர்சிகளில் நான்கின் விலை.

அப்போதுதான் நஷ்டத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நேரம் தவறியதால் நிறம் ஏறியது. நடுவில் திரை காட்டியதைவிட 11 டிகிரி அதிகமாக இருந்தது அதற்குத் துணைபோனது. முன் மூலையில் சூடும் அழுத்தமும் குறைந்ததால் ஓரம் ஒட்டவில்லை. இந்த மூன்றில் தானாகத் திறப்பது தீர்ப்பது முதல் ஒன்றை மட்டுமே. தட்டின் வெப்பம் சீராக இருப்பதும், திரை உண்மையைச் சொல்வதும் அந்தத் தட்டை வார்த்தவிதத்தையும் உள்ளே சுருள் ஓடும் விதத்தையும் சூட்டை உணரும் கம்பியையும் பொறுத்தவை; கையால் மூடினாலும் காற்றால் மூடினாலும் அவை மாறுவதில்லை.

வேகத்தையாவது வாங்கினேனா என்று பார்க்க, நிறுத்துக் கடிகாரத்தை வைத்து ஒரு நாள் முழுவதும் என் வேலையை நானே அளந்தேன். ஒரு டீ-ஷர்ட்டை அடித்தட்டில் மாட்டி நேராக்க 35 விநாடி. ஈரம் போக வெறுமனே ஒரு அழுத்து 4 விநாடி. ஃபிலிமை அளந்து பொருத்த 20. அழுத்த 12. உரிக்க 10. மறு அழுத்து 5. எடுத்து மடிக்க 10. ஆக 96 விநாடி. இதில் மூன்று முறை கையால் மூடித் திறக்க ஆகும் நேரம், தாராளமாகக் கணக்கிட்டாலும், 6 விநாடிதான். நான் ஐந்து மடங்கு விலை கொடுத்துச் சேமித்தது நூறில் ஆறு! 55 விநாடி விரிப்பதிலும் பொருத்துவதிலும் போகிறது. அதைக் குறைக்க எனக்குத் தேவைப்பட்டது அடித்தட்டில் நடுக்கோடும் அளவுக்குறிகளும், பொருத்துவதற்கு ஒரு சட்டமும்தான். அட்டையில் நானே வெட்டிக்கொண்ட சட்டம், பொருத்தும் 20 விநாடியை 9 ஆக்கியது. இந்த அளவீட்டை இயந்திரம் வாங்குவதற்கு முந்தைய நாள் செய்திருந்தால் இதை எழுதவேண்டியே இருந்திருக்காது.

ஆட்டோமேட்டிக் இயந்திரத்தை ஏழாம் மாதத்தில் விற்றேன். வாங்கிய விலையில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. கம்ப்ரஸர் கிட்டத்தட்ட இலவசமாகப் போனது. கையில் வந்த பணத்தில் இரண்டு சிறிய இயந்திரங்கள் வாங்கி, மிச்சமும் வைத்தேன். ஒன்று ஸ்விங் அவே வகை மேனுவல்: மேல்தட்டு மட்டமாக எழுந்து பக்கவாட்டில் விலகிவிடும், ஆகவே தடித்த துணியிலும் முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் விழும், துணியை விரிக்கும்போது கைக்கு மேல் சூடு இருக்காது. ஆனால் பக்கத்தில் இடம் வேண்டும், கைக்கு வேலையும் சற்று அதிகம். மற்றொன்று ஆட்டோ ஓப்பன் கிளாம்ஷெல்: மூடுவது நாம், திறப்பது அது. டைமர் முடிந்ததும் மின்காந்தம் பிடியை விட, தட்டு தானே எழும். என் 47 ஜெர்சிகளைக் காப்பாற்றியிருக்கக் கூடியது இந்த ஒரே வசதிதான். விலையோ சாதாரண மேனுவலைவிடச் சற்றுத்தான் அதிகம்.

அதிலும் இரண்டு குணக்கேடுகள் உண்டு. அழுத்தத்தை அளவுக்கு மேல் இறுக்கினால் காந்தத்தால் பிடித்து வைத்திருக்க முடியாமல் நேரத்துக்கு முன்பே படாரென்று திறந்துகொள்ளும். மின்சாரம் போனாலும் அப்படியே. தட்டு வேகமாக எழும்போது சப்ளிமேஷன் தாளும் கூடவே எழுந்து, இன்னும் சூடாக இருக்கும் துணியின் மேல் சற்றுத் தள்ளி விழுந்தால், படத்துக்கு நிழல்போல் இரண்டாவது படம் பதிந்துவிடும். தாளை வெப்பம் தாங்கும் டேப்பால் துணியோடு ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சப்ளிமேஷனில் அழுத்தும் நேரம் 45 முதல் 60 விநாடி வரை போகும் என்பதால், அந்த வேலைக்கு ஆட்டோ ஓப்பன் உண்மையாகவே கையை விடுவிக்கிறது.

அப்படியானால் முழு ஆட்டோமேட்டிக் வீணா என்றால், இல்லை. என்னிடம் வாங்கியவர் அதை இன்றும் மகிழ்ச்சியாக ஓட்டுகிறார். அவருக்கு வருவது ஒரே அளவு, ஒரே துணி, ஒரே படம், நாளெல்லாம். ஒரே பொருளை நூற்றுக்கணக்கில் அச்சிடுபவருக்கும், பலர் மாறிமாறி நிற்கும் இடத்துக்கும், பலத்த அழுத்தம் கேட்கும் ட்ரான்ஸ்ஃபர்களை, அதாவது தாளிலிருந்தோ ஃபிலிமிலிருந்தோ துணிக்கு மாற்றும் அச்சுகளை, தொடர்ந்து போடுபவருக்கும், தோளிலோ மணிக்கட்டிலோ வலி உள்ளவருக்கும் அது சரியான தேர்வு. ஆனால் வேகம்தான் நோக்கமென்றால் ஒற்றைத் தட்டு ஆட்டோமேட்டிக்கில் நிற்காதீர்கள். இரண்டு அடித்தட்டுகள் உள்ளதை வாங்குங்கள். ஒன்றில் அழுத்திக்கொண்டிருக்கும்போது மற்றொன்றில் விரித்துப் பொருத்தலாம். நான் அளந்த 96 விநாடியில் பெரும்பகுதியை விழுங்குவது விரிப்பதும் பொருத்துவதும்தானே. பொத்தான், ஜிப், பை, தொப்பி, ஹூடி என்று ஒவ்வொரு வேலையும் வேறுவேறாக வருபவருக்கு, ஒவ்வொரு முறையும் காற்றை மாற்றியமைப்பதைவிடக் கையால் உணர்ந்து இறுக்குவது எளிது.

எந்த வகையானாலும், வாங்கும் இடத்துக்கு இப்போது நான் காகிதத் துண்டுகளும் வெப்பப் பட்டைகளும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். ஆறிய தட்டில் நான்கு மூலைகளிலும் காகிதத்தை இழுத்துப் பார்க்கிறேன். குறித்த சூடு வந்ததாகத் திரை சொன்னபிறகும் கால் மணி நேரம் காத்திருந்து, ஐந்து இடங்களில் அளக்கிறேன். பிறகு இருபது முறை இடைவிடாமல் துணியை வைத்து அழுத்தச் சொல்லி, இருபதாவது முறையில் மீண்டும் அளக்கிறேன். மெல்லிய தட்டுள்ள மலிவு இயந்திரங்கள் இங்கேதான் சரிந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு துணியும் உறிஞ்சும் சூட்டை அவற்றால் உடனே ஈடுகட்ட முடியாது. வெப்பச்சுருள், சூட்டை உணரும் கம்பி, ரிலே, மெத்தை ஆகிய நான்கும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்கிறேன். விற்பவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

போன வாரம் மறுபடியும் ஒரு ஜெர்சி வேலை வந்தது. 150 துண்டு, அடர்சிவப்பு, வெள்ளை எண். பழைய கணக்கு வயிற்றைக் கலக்கினாலும் ஒப்புக்கொண்டேன். சாயம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு உள்ள ஃபிலிமை வரவழைத்து, அளந்து பார்த்த 135 டிகிரியில், ஒரே ஒரு ஜெர்சியை மட்டும் அழுத்தி, ஆறவிட்டு, மடித்து, பெட்டியில் வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் காலையில் அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணைப் பார்த்த பிறகுதான் மீதி 149-ஐ வெளியே எடுப்பேன்.